கேலனுக்கு இருபது மைல்

நல்லகாமனுடைய காரைப் பற்றி அவன் காதுபடக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. அவனையே திட்டினாலும் பொறுத்துக்கொள்வான். காரைச் சொன்னால் போச்சு, அன்றையப் பொழுது சண்டையிலேயே கழியும். மதுரைத் தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு எதிரே நிற்கிற வாடகைக் கார்களில் அவனுடையதுதான் பழசு, அவன் வாய்தான் பெரிசு. "கேலனுக்கு இருபது மைல்" என்பான். சவாரி பேசும்போது சொல்வான், காபிக் கடையில் சொல்வான், யாருமே கேட்காதபோதும் சொல்வான்.

அந்த இருபது மைல் பொய்யாக இருந்திருந்தால் தேவலை. பொய்யை எத்தனை நாள் தூக்கிச் சுமக்க முடியும்? அது ஒரே ஒரு நாள் உண்மையாக இருந்து தொலைத்தது. வண்டி வாங்கிய புதிதில், தை மாதத்து விடியலில், டாங்கியில் ஒரு கேலனை மட்டும் ஊற்றிக்கொண்டு தனி ஆளாக அழகர்கோயிலுக்கு ஓட்டிப் போனான். ரோட்டில் ஈ காக்கை இல்லை. இறக்கம் வந்த இடமெல்லாம் இஞ்சினை நிறுத்திவிட்டு உருளவிட்டான். திரும்பி வரும்போது கடச்சனேந்தல் பக்கம் வந்துதான் வண்டி நின்றது. கணக்குப் பார்த்தால் இருபது. அவ்வளவுதான், அன்றோடு கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

நாள்தோறும் ஓடுகிற ஓட்டம் அப்படியா இருக்கிறது? கல்யாண வீட்டுச் சவாரி என்றால் உள்ளே ஏழு பேர், மடிக்கு ஒரு குழந்தை, பின்னால் பாத்திர மூட்டை. சந்தை நாளில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தே பாதிப் பெட்ரோல் ஆவியாகும். பன்னிரண்டு மைல் கிடைத்தால் புண்ணியம். இது மற்ற டிரைவர்களுக்கெல்லாம் தெரியும். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவைக் காட்டி இன்றைக்கும் நான் இப்படித்தான் இருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டல்லவா, நல்லகாமன் அந்த ரகம்.

இந்த வீம்பு தல்லாகுளத்தோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அது உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு வீட்டுக்குள் நுழைந்ததுதான் வினை. அந்த வீட்டில்தான் அவன் தங்கச்சி ஒச்சம்மாள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன் நல்லகாமன். அவனுக்கும் அவன் பெஞ்சாதி ஜெயக்கொடிக்கும் பிள்ளை இல்லை, அவளையே பிள்ளையாக வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை விருமாண்டி நல்ல மனுசன். ஊர் ஊருக்கு ஓடுகிற ஒரு பஸ் வைத்திருந்தான். உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெட்ரோல் பஸ்ஸை விற்றுவிட்டு, குரூடாயிலில் ஓடுகிற இஞ்சின் வைத்த பஸ் ஒன்றை வாங்கினான். டீசல் என்ற பேச்சு அப்போது எங்கள் பக்கம் ஏது, எல்லாருக்கும் அது குரூடாயில் வண்டிதான்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வண்டி கிளம்புகிற சத்தத்தில் மூன்று தெருக் கோழிகள் முட்டையிட மறந்துபோகும். வெள்ளை வேட்டியோடு ஏறினவன் கரி வியாபாரியாக இறங்குவான். ஆனால் முப்பது பேரையும் அவர்கள் ஆட்டுக்குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, நல்லகாமன் கார் ஒரு கேலனுக்கு ஓடுகிற தூரத்தை அதுவும் ஒரு கேலனுக்கு ஓடிவிடும். பெட்ரோலைவிட அந்த எண்ணெய் விலையும் மலிவு. விருமாண்டி நல்ல மனசோடுதான் மச்சானிடம் போய்ச் சொன்னான். காரைத் தள்ளிவிட்டு வாருங்கள், இன்னொரு குரூடாயில் வண்டி வாங்கி ரெண்டு பேரும் கூட்டாக ஓட்டுவோம் என்றான். நல்லகாமனுக்கு அது தன் காரைச் செத்த மாடு என்று சொன்னதுபோல் ஏறிவிட்டது.

புகைந்துகொண்டிருந்தது காதுகுத்தில் பற்றிக்கொண்டது. ஒச்சம்மாளின் மகளை மடியில் உட்காரவைத்துக் காது குத்தினான் தாய்மாமன் நல்லகாமன். சீர் செனத்தியெல்லாம் குறைவில்லாமல் செய்தான். சாப்பாடு முடிந்து பந்தலில் வெற்றிலை போடுகிற நேரத்தில் யாரோ காரைப் பற்றிக் கேட்டுவைக்க, இவன் இருபது மைலை எடுத்தான். விருமாண்டிக்கு அன்றைக்கு வாயில் சனி. "மச்சான் வண்டி பன்னண்டுக்கு மேல ஒரு மைலு குடுத்தா, நான் என் மீசைய எடுத்துர்றேன்" என்றான். கேலிதான், மாமன் மச்சான் கேலி. பந்தலே சிரித்தது. நல்லகாமன் மட்டும் எழுந்து நின்றான்.

"அந்தக் கரிச்சட்டியில இனி நான் காலெடுத்து வச்சா, எங்கப்பனுக்குப் பெறக்கல."

சபையில் சொன்ன வார்த்தை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாயில் போட்டு மெல்ல முடியாது. சொன்னவனும் மறக்க மாட்டான், கேட்டவனும் மறக்க விட மாட்டான். அதற்குப் பிறகு மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. ஒச்சம்மாள் மட்டும் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் கிடந்து அலைந்தாள். சித்திரைத் திருவிழாவுக்கு வருவாள், அண்ணன் வீட்டில் ரெண்டு நாள் இருப்பாள், இங்கே புருசனைப் பற்றியும் அங்கே அண்ணனைப் பற்றியும் நல்லதாக நாலு வார்த்தை போட்டுப் பார்ப்பாள். இரண்டு பக்கமும் கல்லு.

உலகச் சண்டை முற்றிப் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. வாடகைக் கார்களில் பாதி நின்றுபோனது. முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கேஸில் ஓடின சில பஸ்கள். குரூடாயிலுக்கும் கட்டுப்பாடு வந்தது என்றாலும், கொஞ்சம் எண்ணெயில் நிறைய ஓடுகிற வண்டி ஆனதால் விருமாண்டி எப்படியோ ஓட்டினான். நல்லகாமன் வாரத்துக்கு ரெண்டு சவாரி போனால் பெரிசு.

அந்த வருசம் பங்குனியில் ஒச்சம்மாளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. கேள்விப்பட்ட அன்றே ஜெயக்கொடி கிளம்பிவிட்டாள். நல்லகாமன் கிளம்பவில்லை. போக வேண்டும் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும், அப்புறம் போகலாம் என்று உட்கார்ந்திருந்தான். கிறுக்குப் பயல் என்று திட்டத் தோன்றுகிறதா? திட்டுங்கள். அவனும் பிற்பாடு அதைத்தான் செய்தான்.

ஒரு காலையில் சோணை என்கிற ஊர்க்காரன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஒச்சம்மாளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறதாம், வருகிறபோதெல்லாம் அண்ணனைக் கேட்கிறாளாம், விருமாண்டிதான் உடனே கூட்டிவரச் சொன்னானாம். நல்லகாமன் சோணையை மதுரைச் சோலியைப் பார்க்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு ஓடினான்.

எதிர்வீட்டு வக்கீல் பட்டாபிராமன் வாசலில் நின்றிருந்தார். விசயத்தைக் கேட்டு அவருக்கும் மனசு கேட்கவில்லை. "என் கார் சும்மாதானேப்பா நிக்கறது, அதிலேர்ந்து ஒரு டின் பெட்ரோல் பிடிச்சு விட்டுண்டு போ" என்றார். நல்லகாமன் கும்பிட்டான். டாங்கியில் ஒன்றரை கேலன் கிடக்கிறது, கேலனுக்கு இருபது என்றால் முப்பது மைல், ஊர் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றான். அந்த நிலையிலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை பாருங்கள் அவனால். வக்கீல் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

காளவாசல் தாண்டியதும் அமுக்கினான். தங்கச்சி முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவசரத்தில் மிதித்தால் கார் இன்னும் இரண்டு மடங்கு குடிக்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? அன்றைக்குத் தெரியவில்லை. நாகமலையைத் தாண்டினான். செக்கானூரணியில் ரோடு நிறைய ஆடு, உறுமிக்கொண்டே ஊர்ந்தான். கருமாத்தூர் போய், செல்லம்பட்டி எட்டிப் பார்க்கிற தூரத்தில் வரும்போது வண்டி ரெண்டு தரம் இருமி, ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது.

இந்த இடத்தில் வேறு எந்த டிரைவராக இருந்தாலும் டாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்திருப்பான். நல்லகாமன் பார்க்கவில்லை. பெட்ரோல் எப்படித் தீரும்? முப்பது மைல் ஓட வேண்டிய வண்டி இன்னும் பதினெட்டு மைல்கூட ஓடவில்லையே. ஆகவே கார்பரேட்டரில் அடைப்பு என்று முடிவு கட்டினான். மூடியைத் திறந்து கழற்றினான். பெட்ரோல் வருகிற ஊசித்துளை ஜெட்டை வாயில் வைத்து ஊதினான். வேட்டி முனையால் துடைத்து மாட்டிவிட்டு முன்னால் வந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். வண்டி அசையவில்லை. திரும்பவும் கழற்றினான். தலைக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டே போனது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது.

மேற்கேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. பார்க்காமலே தெரியும், குரூடாயில் வண்டி. மதுரைப் பக்கம் முகம் வைத்து வந்த பஸ் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே நாலைந்து பேர்தான். விருமாண்டியின் டிரைவர் பேயாண்டி இறங்கி வந்தான். இளவட்டம், மரியாதை தெரிந்த பையன்.

"அண்ணே, வண்டிய ஓரங்கட்டிட்டு ஏறுங்க. நான் திருப்பிக்கிட்டு ஊருக்குத்தான் போறேன்" என்றான்.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவன், அவன் யாரோ எவனோ, நாசமாய்ப் போக, தலையை நீட்டி இருபது மைலு அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா என்று கேட்டான். ரெண்டு பேர் சிரித்தார்கள். நல்லகாமனுக்குக் காதுகுத்துப் பந்தல் அப்படியே கண்முன் வந்தது. மூஞ்சியெல்லாம் ரத்தம் ஏறியது. ஜெட்டில் தூசி, அஞ்சு நிமிசத்தில் கிளம்பிவிடும், உன் கரிச்சட்டி ஊர் எல்லையைத் தொடுவதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன் என்றான். பேயாண்டி நகரவில்லை. தலையைச் சொறிந்தான். ஏறுங்க அண்ணே என்று திரும்பச் சொன்னான். அக்கா என்று எதையோ ஆரம்பித்தான்.

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ போடா" என்று சீறினான் நல்லகாமன்.

பேயாண்டி போய் ஏறினான். அந்தக் குறுகல் ரோட்டில் முன்னும் பின்னுமாக இழுத்து பஸ்ஸைத் திருப்பினான். வந்த வழியே மேற்கே போய்விட்டான். மதுரைக்குப் போகிற பஸ் நடு ரோட்டில் ஆளோடு எதற்காகத் திரும்பிப் போகிறது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். கோபம் வந்தவனுக்கு ஏது யோசனை? குனிந்து மறுபடி ஜெட்டை ஊதினான்.

வெகு நேரம் கழித்து, வேறு வழியே இல்லாமல்தான், வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து டாங்கிக்குள் விட்டான். அடி வரைக்கும் போய் இடித்தது. வெளியே எடுத்துப் பார்த்தான். காய்ந்த குச்சி காய்ந்தபடியே வந்தது. மூக்கில் வைத்து மோந்துகூடப் பார்த்தான். அப்புறம் அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

காரை அப்படியே போட்டுவிட்டு நடந்தான், ஓடினான். வாலாந்தூர்ப் பக்கம் ஒரு வைக்கோல் வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டான். உசிலம்பட்டியில் இறங்கி ஒரு சைக்கிளை இரவல் கேட்டு வாங்கி மிதித்தான். வழியெல்லாம் கும்பிடாத சாமி இல்லை. உயிரோடு ஒரு பார்வை, அவ்வளவுதான் கேட்டான். அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும், விருமாண்டி காலில் விழுந்துவிடுகிறேன் என்றுகூட வேண்டிக்கொண்டான்.

ஊர் நெருங்கும்போதே கொட்டுச் சத்தம் கேட்டது.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உச்சிப் பொழுதுக்கு முன்பே உயிர் போய்விட்டது. நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, எல்லாம் முடித்துப் பெஞ்சியில் கிடத்தியிருந்தார்கள். தூக்க நேரமாச்சு என்று பெரிய மனிதர்கள் சலித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் பெண்ணைத் தூக்குகிற வழக்கம் இல்லை. என்ன ஆனாலும் மச்சான் வராமல் எடுக்க மாட்டேன் என்று விருமாண்டி பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜெயக்கொடி புருசனைப் பார்த்ததும் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அடித்தாள். நெஞ்சிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். "அவதான வண்டிய அனுப்பச் சொன்னா. எங்கண்ணன் வண்டி வந்து சேராது, வழியில நிக்கும், நம்ம வண்டிய எதிர்க்க அனுப்புங்கன்னு அவதான சொன்னா. ஏறாம விட்டியே மனுசா" என்று ஓலமிட்டாள். அழுகைக்கு நடுவில் மிச்சத்தையும் சொன்னாள். என் பெயரைக் கேட்டால் மச்சான் ஏற மாட்டார், நான் அனுப்பியதாகச் சொல்லிவிடாதே என்று விருமாண்டிதான் பேயாண்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். வழியில் நிற்கிற மனுசனிடம் உயிர் ஊசலாடுகிறது என்றும் சொல்லாதே, பதறுவார் என்று சொல்லியிருக்கிறான். எல்லாரும் அவனுக்கு நல்லதைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

நல்லகாமன் வெறுங்கையோடு நின்றான். உயிரோடு இருக்கிற தங்கச்சியைப் பார்க்கக் கிளம்பினவன் கோடிச் சேலை கொண்டுவருவானா? சபை அவன் கையைத்தான் பார்த்தது. அப்போது விருமாண்டி கிட்டே வந்தான். அவன் கையில் மடிப்புக் கலையாத புதுச்சேலை ஒன்று இருந்தது. பேயாண்டியை உசிலம்பட்டிக்கு விரட்டி அவனே வாங்கி வைத்திருக்கிறான், மச்சான் சபையில் தலைகுனியக் கூடாது என்று.

"போடுங்க மச்சான்" என்றான். அந்தப் பந்தல் பேச்சுக்குப் பிறகு இவனோடு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நல்லகாமன் வாங்கி அவள் மேல் போர்த்தினான். கால் பக்கம் இழுத்துச் சரி செய்தான். சரி செய்துகொண்டே இருந்தான். போதும்ப்பா என்று ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்து எடுத்தார். அப்புறம்தான் அழுகை வந்தது. ஆம்பளை இப்படி அழுது ஊரில் யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் முடித்துக் கண்மாயில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு வரும்போது இன்னும் பொழுது சாயவில்லை. பஸ் புளியமரத்தடியில் நின்றிருந்தது. அதன் படியில் பேயாண்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவனைக் கண்டதும் எழுந்தான். நல்லகாமன் அவன் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கடைசியில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டான். ஜெயக்கொடியிடம் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

பேயாண்டி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். பஸ் ஊருக்குள் வந்த சத்தம் கேட்டு அவள் கண் திறந்தாளாம். பார்வை மங்கிவிட்டது, ஆள் தெரியவில்லை. அண்ணே வந்துருச்சா என்று கையை நீட்டினாளாம். வாசல் நிலையில் பேயாண்டி ஒருத்தன்தான் நின்றிருக்கிறான். விருமாண்டி அவனைப் பார்த்தாராம். வாயால் ஒன்றும் சொல்லவில்லையாம், பார்த்தாராம்.

"இல்லன்னு சொல்ல எனக்கு நா எழலண்ணே. போயிக் கையக் குடுத்தேன். தடவிப் பாத்தாக. எண்ணெப் பிசுக்கும் காய்ப்பும் ஒங்க கை மாதிரிதான இருக்கும். நம்ம வண்டியிலயா வந்தேன்னு கேட்டாக. ஆமா தாயி, நம்ம வண்டியிலதான் வந்தேன்னு சொல்லிட்டேன்."

நல்லகாமன் நிமிர்ந்தான். "தாயின்னா சொன்ன?"

"ஆமாண்ணே."

"நான் ஒருநாளும் அவளத் தாயின்னு கூப்புட்டதில்லையே பேயாண்டி. குருவின்னுதான கூப்புடுவேன்."

பேயாண்டியின் முகம் செத்துப்போனது. உள்ளேயிருந்து பெண்கள் அழுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. நல்லகாமன் விடவில்லை, அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்டான்.

"வேற ஒண்ணும் சொல்லலண்ணே. கொஞ்ச நேரம் கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தாக. அப்பறம் மெல்லமா, காலையிலருந்து வண்டியிலயே கெடக்க, போயி ஒரு வாயி கஞ்சியக் குடின்னாக."

நல்லகாமன் பேயாண்டியின் கையை எடுத்துத் தடவிப் பார்த்தான்.

"அது ஒனக்குச் சொன்னதுடா" என்றான். "அவளுக்குத் தெரிஞ்சிருச்சு, நான் வரலன்னு."